வலது கை தோற்ற சோதனை: டபிள்யூ.ஜே. நிகழ்வு ஆய்வு

மருத்துவ இலக்கியத்தில் இந்த நோயாளிக்கு டபிள்யூ.ஜே. என்ற இரண்டு முதலெழுத்துகள்தான் பெயர். ஆண், வயது 48, அமெரிக்கர், வலது கைப் பழக்கம். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்தவர். போரின்போது துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடி வாங்கினார். அதன் பிறகு வலிப்பு தொடங்கியது. ஆண்டுகள் போகப் போக அது கூடிக்கொண்டே வந்தது, மருந்துக்கும் அடங்கவில்லை. 1962 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒயிட் மெமோரியல் மருத்துவமனையில், மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டை அறுத்துவிடும் சிகிச்சை அவருக்கு நடந்தது. அறுவை செய்தவர் பிலிப் வோகல். இப்படிச் செய்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் நரம்பியல் மருத்துவர் ஜோசப் போகன்.

வலிப்பு பெருமளவு அடங்கியது. சிகிச்சையின் நோக்கம் அதுதான், அது நிறைவேறியது. ஆனால் மருத்துவ வரலாறு இவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. வாழ்நாள் முழுவதும் வலது கையால் எழுதிய ஒருவரின் வலது கை, நான்கு மரக்கட்டைகளைச் சரியாக அடுக்க முடியாமல் தடுமாறியது. எழுதவே பழகாத இடது கை அதைச் சட்டென்று முடித்தது. கைப்பழக்கம் பற்றியும் மூளைப் பாதிகளின் வேலைப் பிரிவினை பற்றியும் நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பல விஷயங்களை இந்த ஒரு நோயாளியை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

எதை அறுத்தார்கள், ஏன்

பெருமூளை நடுவில் பிளந்து இரண்டு அரைக்கோளங்களாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலமாக ஓடுவது கார்பஸ் கலோசம். ஏறக்குறைய 20 கோடி நரம்பிழைகள் சேர்ந்த தடித்த பட்டை அது. ஒரு பக்கத்தில் கிளம்பும் வலிப்பு இந்தப் பாதை வழியாகத்தான் மறுபக்கத்துக்குத் தாவி, ஆளையே கீழே சாய்த்துவிடுகிறது. பாதையைத் துண்டித்தால் வலிப்பு ஒரு பக்கத்தோடு நிற்கும் என்பது கணக்கு.

கணக்கு புதிதல்ல. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் வில்லியம் வான் வாகனன் 1940 வாக்கிலேயே இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இதைச் செய்திருந்தார். அவர்களைச் சோதித்த ஆண்ட்ரூ அகெலைட்டிஸ், நடத்தையிலும் அறிவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார். அத்தனை பெரிய நரம்புக் கட்டு, அதை அறுத்தால் ஒன்றுமே ஆகவில்லை. வலிப்பைப் பரப்புவதற்காகத்தான் அது இருக்கிறது போலும் என்று நரம்பியல் ஆய்வாளர் வாரன் மெக்கல்லக் கிண்டலடித்தார். இரண்டு பாதிகளும் தொய்ந்து போகாமல் தாங்கிப் பிடிக்கத்தான் இருக்கும் என்றார் உளவியலாளர் கார்ல் லாஷ்லி.

கிண்டலை நம்பாமல் இருந்தவர் மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரி. 1950களில் அவரும் ரொனால்ட் மையர்ஸும் பூனைகளுக்கு கார்பஸ் கலோசத்தை மட்டும் அறுக்கவில்லை. கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் சந்திப்பையும் சேர்த்து அறுத்தார்கள். அதனால் ஒவ்வொரு கண்ணும் அதன் பக்கத்து அரைக்கோளத்துக்கு மட்டுமே செய்தி அனுப்பும். ஒரு கண்ணை மூடிவிட்டு மறு கண்ணால் பூனைக்கு ஒரு வடிவத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் கண்ணை மாற்றி மூடினால், அந்தப் பூனைக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அகெலைட்டிஸ் கண்டுபிடிக்காமல் விட்டது எது என்பதற்கான விடை இதில் இருந்தது. சோதிக்கும்போது ஒரு பாதிக்கு மட்டும் செய்தி போக வேண்டும், மறு பாதி எட்டிப் பார்க்கவே கூடாது. நோயாளி கண்ணை இங்குமங்கும் உருட்டலாம், பொருளை இரண்டு கையாலும் தடவலாம், வாய்விட்டுச் சொல்லலாம் என்று விட்டால் இரண்டு பாதிகளும் வெளி வழியாகவே ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும். பிளவு தெரியவே தெரியாது.

ஸ்பெரி அப்போது பசடீனாவில் உள்ள கால்டெக்கில், அதாவது கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், இருந்தார். அங்கே அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த மைக்கேல் கசானிகாவிடம் டபிள்யூ.ஜே.யைச் சோதிக்கும் வேலை வந்தது. அறுவைக்கு முன்பே ஒருமுறை முழுவதும் சோதித்து வைத்துக்கொண்டது பெரிய புத்திசாலித்தனம். அப்போது எல்லாம் சரியாகவே இருந்தது. இடப்பக்கம் காட்டினாலும் வலப்பக்கம் காட்டினாலும் பெயர் சொன்னார். எந்தக் கையில் பொருளைக் கொடுத்தாலும் இன்னது என்றார்.

சிகிச்சைக்குச் சம்மதித்தபோது டபிள்யூ.ஜே. போகனிடம் சொன்னதாகப் பதிவாகியிருப்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடலாம். வலிப்பு குணமாகாவிட்டாலும் பரவாயில்லை, இதிலிருந்து நீங்கள் எதையாவது கற்றுக்கொண்டால் பல வருஷமாக நான் செய்த எதையும்விட அதுவே உருப்படியான காரியம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஆய்வுகளில் நோயாளியின் குரல் இப்படி அரிதாகத்தான் கேட்கிறது.

அறுவைக்குப் பின்: வாய் சொன்னதும் கை சொன்னதும்

சோதனை எளிமையானது. திரையின் நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புள்ளிக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு படம் வினாடியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்னி மறையும். கண் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் படம் போய்விடும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இடது கண் பார்ப்பது வலது மூளைக்குப் போகிறது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. இரண்டு கண்களுமே இரண்டு பாதிகளுக்கும் செய்தி அனுப்புகின்றன. நாம் பார்க்கும் காட்சியின் இடப்பாதி, எந்தக் கண் வழியாக வந்தாலும், வலது அரைக்கோளத்துக்குப் போகும். வலப்பாதி இடது அரைக்கோளத்துக்கு. சாதாரண ஆட்களுக்கு உடனே இரண்டும் பாலம் கடந்து சேர்ந்துவிடும். டபிள்யூ.ஜே.க்குப் பாலம் இல்லை.

புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு சதுரம் மின்னியது. என்ன பார்த்தீர்கள் என்றதும், பெட்டி என்றார். அதே சதுரம் இடப்பக்கம் மின்னியது. ஒன்றும் பார்க்கவில்லை என்றார். மழுப்பவில்லை, தயங்கவில்லை, சத்தியமாக எதுவும் தெரியவில்லை என்பதுபோலத்தான் சொன்னார்.

அடுத்து வாயை விட்டுவிட்டுக் கையைக் கேட்டார்கள். தந்தியடிக்கும் சாவி போன்ற ஒன்றை இடது கையில் கொடுத்து, வெளிச்சம் மின்னினால் அழுத்தச் சொன்னார்கள். இடப்பக்கம் மின்னும்போதெல்லாம் இடது கை அழுத்தியது. வாய் மட்டும் ஒன்றும் பார்க்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வலது அரைக்கோளம் பார்த்திருக்கிறது, தன் வசமுள்ள இடது கையால் பதிலும் சொல்லியிருக்கிறது. பேச்சு மட்டும் அதனிடம் இல்லை, அது இடது அரைக்கோளத்திடம் இருந்தது.

தொடுகையிலும் இதே கதை. கண்ணுக்கு மறைவாக வலது கையில் ஒரு பென்சிலையோ கரண்டியையோ கொடுத்தால் பெயர் வந்துவிடும். இடது கையில் கொடுத்தால் வாய் ஏதாவது குத்துமதிப்பாகச் சொல்லும். ஆனால் பல பொருள்களுக்கு நடுவே போட்டுத் தேடச் சொன்னால் அதே இடது கை சரியானதைத் துழாவி எடுத்துவிடும். பெயர்தான் தெரியவில்லை, பொருள் தெரியும்.

சொல்லால் இடும் கட்டளைக்கு இடது கை வெகுநாள் மசியவே இல்லை. இடது கையை நீட்டுங்கள் என்று சொன்னால் அது சும்மா இருக்கும். சட்டையில் பொத்தான் போடுவது போன்ற பழக்கப்பட்ட வேலைகளில் அதே கை ஒழுங்காகப் பங்கெடுக்கும். அதனால் இதைப் பக்கவாதம் என்று சொல்ல முடியாது. கட்டளையைப் புரிந்துகொண்டது இடது அரைக்கோளம். இடது கையின் விரல்களை நுட்பமாக ஆள்வது வலது அரைக்கோளம். உத்தரவு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கைகளும் எதிரெதிராக இழுத்துக்கொண்ட சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ஒரு கை கால்சட்டையை ஏற்ற, மறு கை இறக்கிக்கொண்டிருந்ததாக ஒரு குறிப்பு. பத்திரிகைகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டன, ஒரு உடலில் இரண்டு ஆட்கள் என்றெல்லாம் எழுதின. பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய ஆரம்ப காலத்தில் வந்துபோகும் தொந்தரவு இது. ஆய்வுக்கு உண்மையில் உதவியது அடுத்து வரும் மரக்கட்டைச் சோதனை.

நான்கு கட்டைகள்

கோஸ் கட்டைச் சோதனை என்று ஒன்று உளவியலாளர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. சிறு கனசதுரக் கட்டைகள்; சில முகங்கள் முழுச் சிவப்பு, சில முழு வெள்ளை, சில மூலைவிட்டமாகப் பாதி சிவப்பு பாதி வெள்ளை. ஒரு அட்டையில் உள்ள கோலத்தைப் பார்த்து, நான்கு கட்டைகளை இரண்டுக்கு இரண்டாக அடுக்கி, மேல்முகத்தில் அதே கோலம் வரும்படி செய்ய வேண்டும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளே எளிய கோலங்களைச் செய்துவிடுவார்கள்.

டபிள்யூ.ஜே.யிடம் முதலில் இடது கையால் மட்டும் செய்யச் சொன்னார்கள். கட்டையை எடுத்தார், திருப்பினார், வைத்தார், முடிந்தது. அடுத்து வலது கை. எழுதும் கை, பேசும் அரைக்கோளத்தின் கை. கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. மூலைவிட்டம் தவறான பக்கம் சாய்கிறது. இதில் கோலம் தப்புவதைவிட வினோதமான தவறு ஒன்று நடந்தது. இரண்டுக்கு இரண்டு என்ற சதுர அமைப்பே கலைந்து, மூன்று கட்டைகள் ஒரு வரிசையில், ஒன்று தனியாக என்று நின்றது. சிவப்பு வெள்ளை போகட்டும், இது சதுரம் என்பதே அந்தக் கைக்குப் பிடிபடவில்லை.

இந்தச் சோதனை படமாக்கப்பட்டிருக்கிறது. அதில் எல்லாரும் பேசும் கட்டம் ஒன்று உண்டு. வலது கை திணறிக்கொண்டிருக்கும்போது இடது கை நைசாக உள்ளே வந்து உதவப் பார்க்கிறது. கையைத் தள்ளி வைக்கிறார்கள், மறுபடியும் வருகிறது. கடைசியில் அந்தக் கையின் மேலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சரி, இரண்டு கையாலும் சேர்ந்தே செய்யுங்கள் என்று விட்டபோது நிலைமை இன்னும் மோசம். இடது கை ஒரு கட்டையைச் சரியாக வைக்கும், வலது கை அதைக் கலைக்கும்.

படம் வரைவதிலும் இதே தலைகீழ். ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னால் இடது கை கோணல்மாணலாக, நடுங்கும் கோடுகளால் வரைந்தாலும், அது கனசதுரம் என்று அடையாளம் தெரியும். ஆழம் தெரியும். வலது கையின் கோடுகள் அழுத்தமாக, பழகிய கையின் கோடுகளாக இருந்தன. ஆனால் உருவம் உதிர்ந்துபோய், மூலைகள் தனித்தனியாகக் கிடந்தன.

போகன் பின்னாளில் பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, 1969ல் இதை ஒரு ஜோடியாக விவரித்தார். அறுவைக்கு முன்னால் இரண்டு கையாலும் ஓரளவு எழுதவும் பார்த்து வரையவும் முடிந்த வலது கைக்காரர்கள் இவர்கள். அறுவைக்குப் பின் இடது கை எழுதும் திறனை இழந்தது, வலது கை பார்த்து வரையும் திறனை இழந்தது. முன்பெல்லாம் வலது கை நன்றாக வரைந்தது என்றால் அது தன் சொந்தத் திறமையால் அல்ல. வலது அரைக்கோளத்தின் இடஞ்சார் அறிவைப் பாலம் வழியாகக் கடன் வாங்கி வரைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுதும் கை என்பதை நாம் கெட்டிக்காரக் கை என்று எடுத்துக்கொள்கிறோம். டபிள்யூ.ஜே.யின் வலது கை விரல்களில் எந்தக் குறையும் இல்லை. பேனா பிடிக்கும், பொத்தான் போடும். கைப்பழக்கம் என்பது விரல்களை வேகமாக, நுணுக்கமாக, வரிசை பிசகாமல் இயக்கும் ஒரு சாய்வு மட்டுமே. என்ன வரைய வேண்டும், எது எங்கே இருக்கிறது என்ற அறிவு வேறிடத்தில் குடியிருக்கலாம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சுக்கும் கைக்குமான உறவும் அப்படித்தான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பிற்பாடு வந்த பிளவு மூளை நோயாளிகள், அதாவது இதே போலப் பாலம் அறுக்கப்பட்டவர்கள், எல்லாரிடமும் கட்டைச் சோதனையில் இவ்வளவு கூர்மையான வித்தியாசம் தெரியவில்லை. டபிள்யூ.ஜே.யின் மூளை பல ஆண்டு வலிப்பைத் தாங்கிய, அடிபட்ட மூளை. ஒருவரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது.

ஆதிக்கம் என்ற பழைய எண்ணம்

டபிள்யூ.ஜே.க்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1861ல், பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். லெபோர்ன் என்ற அந்த மனிதருக்கு டான் என்ற ஓசையைத் தவிர வேறெதுவும் பேச வராது. இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடது நெற்றிப் பகுதியில் சிதைவு. இதேபோலப் பல நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 1865ல் நாம் இடது அரைக்கோளத்தால் பேசுகிறோம் என்று புரோக்கா எழுதினார். அதிலிருந்து இடது அரைக்கோளம் ஆதிக்க அரைக்கோளம் ஆனது; வலது அரைக்கோளம் அதன் எடுபிடி ஆனது. கூடவே, வலது கைக்காரருக்குப் பேச்சு இடப்பக்கம் என்றால் இடது கைக்காரருக்கு வலப்பக்கம்தானே என்ற நேர்கணக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் புரோக்காவின் விதி என்றே சொல்வார்கள். அவர் அப்படி ஒரு விதி போடவில்லை.

எடுபிடி என்ற பட்டத்தை டபிள்யூ.ஜே.யின் கட்டைகள் கலைத்தன. ஸ்பெரிக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு ஹியூபலும் வீசலும் பகிர்ந்துகொண்டார்கள், அவர்கள் செய்தது பார்வை பற்றிய வேறு ஆய்வு.

வலது அரைக்கோளத்துக்கு மரியாதை வந்ததும் அதை வைத்து வியாபாரமும் வந்தது. இடது மூளை கணக்குப் பிள்ளை, வலது மூளை கலைஞன் என்று சொல்லி நம் ஊரில் வலது மூளைப் பயிற்சி, நடுமூளையைத் தூண்டுதல் என்று கண்ணைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வகுப்புகள் வரை வந்துவிட்டது. யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்து 2013ல் ஒரு ஆய்வு வெளியானது. குறிப்பிட்ட சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. ஆனால் ஒட்டுமொத்தமாக இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிக்க அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. டபிள்யூ.ஜே.யின் அனுபவமும் அதையே சொல்கிறது. வலது அரைக்கோளம் தன் திறமையைத் தனியாகக் காட்ட, நடுவில் உள்ள பாலத்தையே வெட்ட வேண்டியிருந்தது. பாலம் ஒழுங்காக உள்ள பிள்ளைக்கு ஒரு பாதியை மட்டும் தட்டி எழுப்புவது எப்படி என்று அந்த வகுப்பு நடத்துபவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கையைப் பார்த்துப் பேச்சின் இடம் சொல்லலாமா

சொல்ல முடியாது என்பதுதான் பதில். எவ்வளவு சொல்ல முடியாது என்பதற்கு நல்ல எண்களே இருக்கின்றன.

ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் 1949ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கழுத்துத் தமனி வழியாக ஒரு பக்க அரைக்கோளத்துக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடம் அதைத் தூங்கவைப்பது. அந்த நேரத்தில் நோயாளிக்குப் பேச்சு நின்றால் பேச்சு அந்தப் பக்கம். வலிப்புக்கு அறுவை செய்யும் முன் பேச்சுப் பகுதியைத் தொடாமல் இருக்க இது தேவைப்பட்டது. மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் ராஸ்முசனும் பிரெண்டா மில்னரும் 1977ல் வெளியிட்ட கணக்கில், வலது கைக்காரர்களில் 96 சதவீதம் பேருக்குப் பேச்சு இடப்பக்கம். இடது கைக்காரர்களிலும் இரண்டு கைக்காரர்களிலும் 70 சதவீதம் பேருக்கு அதே இடப்பக்கம்தான். 15 சதவீதம் வலப்பக்கம், 15 சதவீதம் இரண்டு பக்கமும்.

இவர்கள் நோயாளிகள், ஆரோக்கியமானவர்களிடம் எப்படி என்று கேட்கலாம். ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் ஸ்டெஃபான் கெனெக்ட் குழுவினர் 2000ல் 326 ஆரோக்கியமானவர்களை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை மனதில் அடுக்கும்போது எந்தப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது என்பது சோதனை. தீவிர வலது கைக்காரர்களில் 4 சதவீதம் பேருக்கு மொழி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தீவிர இடது கைக்காரர்களில் 27 சதவீதம். இரண்டு கைக்காரர்கள் நடுவில், 15 சதவீதம்.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். கணக்கு எளிதாக இருக்க நடுத்தரங்களை விட்டுவிடுவோம். ஆயிரம் பேரில் 100 பேர் இடது கை, 900 பேர் வலது கை. இடது கைக்காரர்களில் 27 பேருக்கு மொழி வலப்பக்கம். வலது கைக்காரர்களில் 900க்கு 4 சதவீதம் என்றால் 36 பேர். ஆக, வலது அரைக்கோளத்தால் பேசும் ஒருவரைச் சந்தித்தால், அவர் வலது கைக்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்! நேர்கணக்கை நம்பியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

கைச் சாய்வு எப்போது தொடங்குகிறது என்பதும் சுவாரசியமானது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் குழுவினர் கருவிலேயே கட்டைவிரல் சூப்பிய குழந்தைகளை ஸ்கேனில் குறித்துவைத்து, பத்துப் பன்னிரண்டு வயதில் 75 பேரை மறுபடி பார்த்தார்கள். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாக வளர்ந்திருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கை, 5 பேர் வலது கை. பள்ளிக்கூடமும் பாட்டியும் தலையிடுவதற்கு வெகு முன்பே சாய்வு தெரிந்துவிடுகிறது.

தலையிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பீச்சாங்கையில் எழுதாதே என்று அடித்து மாற்றப்பட்டவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். ஜெர்மனியிலும் ஒரு தலைமுறை அப்படி இருந்தது. சிறு வயதிலேயே வலது கைக்கு மாற்றப்பட்ட அவர்கள் எழுதும்போது மூளையைப் படமெடுத்து 2002ல் வெளியிட்டார்கள். பிறவி வலது கைக்காரர்கள் எழுதும்போது மூளை பெரிதும் இடப்பக்கமே வேலை செய்கிறது. மாற்றப்பட்டவர்களுக்கோ, பல பத்தாண்டுகள் வலது கையால் எழுதிய பிறகும், வலது அரைக்கோளமும் தீவிரமாகப் பங்கெடுத்துக்கொண்டிருந்தது. பேனாவைத்தான் மாற்றினார்கள்.

எதிர் நிகழ்வு: வி.ஜே.

டபிள்யூ.ஜே.யிடம் பேச்சும் எழுத்தும் ஒரே பக்கம், இடது அரைக்கோளத்தில் இருந்தன. எழுத்து என்பது பேச்சைக் காகிதத்தில் இறக்குவதுதானே, இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றும். இதை அசைத்துப் பார்த்த நோயாளி 1990களில் கலிஃபோர்னியாவில் வந்தார். பெண், இடது கைப் பழக்கம், அதே வலிப்பு, அதே அறுவை. ஆய்வில் பெயர் வி.ஜே. சோதித்தது கேத்லீன் பெயின்ஸ், கசானிகா குழுவினர், 1998ல் வெளியானது.

அறுவைக்குப் பின் வி.ஜே. நன்றாகப் பேசினார். எழுத மட்டும் வரவில்லை. அது அவருக்குப் பெரிய மனவருத்தம். திரைச் சோதனையில் வலப்பக்கம் ஒரு சொல்லை மின்னவிட்டார்கள், அதாவது இடது அரைக்கோளத்துக்கு. சொல்லை வாசித்துச் சொன்னார், எழுத முடியவில்லை. அதே சொல்லை இடப்பக்கம் மின்னவிட்டார்கள். சொல்ல முடியவில்லை, ஆனால் இடது கை எழுதிவிட்டது.

பேசுவது இடது அரைக்கோளம், எழுதுவது வலது அரைக்கோளம். வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டும் பாலம் வழியாகக் கைகோத்து வேலை செய்ததால் யாருக்கும், அவருக்கே, தெரிந்திருக்கவில்லை. நினைத்ததை எழுத உட்கார்ந்தபோது, நினைப்பைச் சொல்லாக்கும் பாதி ஒரு கரையில், பேனா பிடிக்கும் பாதி மறு கரையில். இடது கைக்காரர் என்பதால் பேச்சு வலப்பக்கம் போய்விடவில்லை. எழுத்தின் இயக்கம் மட்டும் கையோடு சேர்ந்து போயிருந்தது.

என் பார்வையில் டபிள்யூ.ஜே.யைவிட வி.ஜே. முக்கியமான நோயாளி. டபிள்யூ.ஜே. வலது அரைக்கோளத்துக்கும் சொந்தத் திறமை உண்டு என்று காட்டினார். வி.ஜே.யோ, மொழி என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதே பல பொட்டலங்கள் என்று காட்டினார். பேச்சு ஒன்று, எழுத்து இன்னொன்று, கைச் சாய்வு மூன்றாவது. பெரும்பாலோருக்கு இவை ஒரே பக்கம் அமைகின்றன; பெரும்பாலும் அப்படி அமைவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

இந்த ஆய்வுகள் எதுவரை தாங்கும்

முழுப் பாலமும் அறுக்கப்பட்டு விரிவாக ஆராயப்பட்ட நோயாளிகள் உலகிலேயே சிலர்தான். அதனால் ஒவ்வொரு நோயாளியும் கூடுதல் எடையோடு வாசிக்கப்படுகிறார். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் குழு ஆராய்ந்த ஜே.டபிள்யூ. என்ற நோயாளிக்கு, அறுவை நடந்து பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, இடப்பக்கம் காட்டிய படங்களுக்கும் வாயால் பெயர் சொல்ல வந்தது. பேசாத பாதி கடைசிவரை பேசாது என்றும் சொல்லிவிட முடியவில்லை.

அடிப்படையையே கேள்வி கேட்ட ஆய்வும் உண்டு. யாய்ர் பின்டோவும் குழுவினரும் இத்தாலியில் இரண்டு பிளவு மூளை நோயாளிகளைச் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். இடப்பக்கம் காட்டியதற்கு இடது கைதான் பதில் சொல்லும், வலப்பக்கத்துக்கு வாயும் வலது கையும் என்ற பழைய விதி அவர்களிடம் நிற்கவில்லை. எந்தப் பக்கம் காட்டினாலும், ஏதோ ஒன்று தெரிந்தது, இந்த இடத்தில் தெரிந்தது என்பதை எந்தக் கையாலும் வாயாலும் சொன்னார்கள். இடப்பக்கத்து உருவத்தையும் வலப்பக்கத்து உருவத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்ல மட்டும் முடியவில்லை. பார்வை பிளந்திருக்கிறது, பார்க்கும் ஆள் பிளக்கவில்லை என்பது பின்டோவின் வாதம். மறு தரப்பு இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அறுவைக்குப் பின் பல ஆண்டுகளில் மூளை வேறு பாதைகளை வளர்த்திருக்கலாம். ஒரு பாதி கண் அசைவாலோ தசை இறுக்கத்தாலோ மறு பாதிக்குச் சாடை காட்டியிருக்கலாம். சாடை காட்டுவதைக் கசானிகாவே 1960களிலிருந்து எச்சரித்துவருகிறார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அறுவை அரங்கில் ஒரு விஷயம் மட்டும் தீர்ந்துவிட்டது. மூளையின் பேச்சுப் பகுதிக்கு அருகே கத்தி வைக்க வேண்டிய நிலை வந்தால், நீங்கள் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்று இன்றும் கேட்பார்கள், படிவத்தில் குறித்தும் கொள்வார்கள். ஆனால் அந்தப் பதிலை நம்பி யாரும் வெட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்துச் சொற்களைச் சொல்லச் சொல்லியோ, தேவைப்பட்டால் வாடா முறைப்படி ஒரு பக்கத்தைத் தூங்கவைத்தோ, இந்த நோயாளிக்குப் பேச்சு எந்தப் பக்கம் என்று நேராகப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள்.